புது இஞ்சினுக்கு ஊற்றிய எண்ணெய்

என் பெரியம்மாவும் பெரியப்பாவும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அது ஒரு குறை என்பதுதான் தெரியாது. சில வீடுகளில் நாய் இருக்கும், சில வீடுகளில் இருக்காது. அதைப் போல அந்த வீட்டில் பேச்சு இல்லை என்று நினைத்திருந்தேன். நான் அங்கே போனால் இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாக, தாராளமாகப் பேசுவார்கள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதைவிடச் சௌகரியமான வீடு ஏது?

அந்த வருடப் பள்ளி விடுமுறைக்கு என்னை அங்கே கொண்டுபோய் விட்டதற்குக் காரணம் என் தம்பி. அவன் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தான். அங்கிருந்தபடியே தொல்லை கொடுக்கத் தொடங்கியிருந்ததால் டாக்டர் அம்மாவைப் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஈப்போவில், புந்தோங்கில் இருந்த எங்கள் சின்ன வீட்டில் என்னையும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்று முடிவாயிற்று. பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. தெலுக் இந்தானுக்கு மேலே, பேராக் ஆற்றங்கரையில் அவர்கள் வீடு. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் முழுவதும் ரப்பர் தோட்டம். பெரியப்பாவும் பெரியம்மாவும் அங்கே மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்கள்தான். பிறகு மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை உடைத்தார்கள், வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். பெரியப்பா வேறெங்கும் போகப் பிரியப்படாமல் ஆற்றில் இறங்கிவிட்டார்.

அவரிடம் ஒரு சின்ன பைபர் படகு இருந்தது. விடியற்காலையில் போய் ஊடாங் காலா என்று மலாயில் சொல்கிற பெரிய ஆற்று இறாலைப் பிடித்துக்கொண்டு மதியத்துக்குள் திரும்புவார். சனி ஞாயிறுகளில் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தூண்டில் போடும் ஆட்கள் வருவார்கள். அவர்களையும் ஏற்றிக்கொண்டு போவார். படகின் பின்னால் தொங்கிய இஞ்சின் பழைய டூ ஸ்ட்ரோக். அதன் கயிற்றைப் பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். அது இருமும், துப்பும், அவரை நன்றாக வியர்க்க வைத்துவிட்டுத்தான் உயிர் பிடிக்கும். பிடித்துவிட்டால் அந்த ஆற்றங்கரையில் யாரும் தூங்க முடியாது. நீலப் புகை வேறு, கொசு மருந்து அடித்த மாதிரி.

அந்த இஞ்சினுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அந்த வேலை பெரியம்மாவினுடையது. பெரியப்பா புதிதாக ஆற்றுக்குப் போக ஆரம்பித்த நாட்களில் ஒருநாள் எண்ணெய் கலக்க மறந்து இஞ்சினைக் கருக்கிவிட்டாராம். அன்றிலிருந்து பெரியம்மா அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். சாயங்காலம் துணிகளை மடித்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிவப்பு டேங்கைத் திறந்து, பால் டின்னில் எண்ணெயை அளந்து ஊற்றி, குழந்தையை ஆட்டுவதுபோல டேங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, மூடி, படகு கட்டும் பலகைத் துறைக்கு, எங்கள் பேச்சில் ஜெட்டிக்கு, போகும் படியோரம் வைத்துவிடுவார். காலையில் பெரியப்பா அதை எடுத்துக்கொண்டு போவார். பேச்சு நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

பேச்சு ஏன் நின்றது என்பதை அம்மா எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் சொன்னார். என் தாத்தா, அதாவது அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அப்பா, ஈப்போவில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த செய்தி ஒரு காலையில் பெரியம்மாவுக்கு வந்திருக்கிறது. பெரியப்பா தூண்டில்காரர்களோடு ஆற்றின் மேல்பக்கம் போயிருந்தார். அங்கே கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. வீட்டிலிருந்த ஒரே வண்டியான வேனின் சாவி அவர் சட்டைப் பையில். மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தானே என்று பெரியம்மா துணிப்பையோடு ஜெட்டியில் நின்றிருக்கிறார். இதோ சத்தம் கேட்கும், இதோ கேட்கும் என்று நின்று நின்றே பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்கு இறால் நன்றாகக் கடித்ததாம், அதனால் பெரியப்பா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்துவிட்டார். அவர்கள் புந்தோங் வந்து சேர்ந்தபோது, மதியத்துக்கு முன்பே உயிர் பிரிந்திருந்த தாத்தாவை எடுத்துக்கொண்டு போய், தகனம் முடித்து, ஆட்கள் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். ஆற்றில் நேரம் தெரியவில்லை என்று மட்டும் பெரியப்பா சொன்னாராம். பெரியம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே சொல்லவில்லை.

சமைத்துப் போட்டார், துவைத்துப் போட்டார், எண்ணெய் கலந்து வைத்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டதால் நடுவில் நின்று பேச ஆள் இல்லை. ஆனால் அந்த வீடு தடங்கல் இல்லாமல் ஓடியது. அதற்கு அந்தப் பழைய இஞ்சினும் ஒரு காரணம். படகு ஆற்று வளைவுக்கு அப்பால் வரும்போதே சத்தம் கேட்டுவிடும். பெரியம்மா உடனே குழம்பைச் சூடாக்குவார், சோற்றைப் போட்டு மேசையில் மூடி வைப்பார், பின்கட்டுக்குப் போய்விடுவார். பெரியப்பா படியேறி வரும்போது சாப்பாடு சுடச்சுட இருக்கும், ஆள் இருக்காது. இவ்வளவு ஒழுங்காக ஓடுகிற வீட்டில் பேசி என்ன ஆகப் போகிறது என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

நான் போன அந்த வாரத்தில்தான் புது இஞ்சின் வந்தது. போர் ஸ்ட்ரோக், சத்தமே இல்லாத வகை. பழையதின் சத்தத்தில் மீன் ஓடுகிறது, புகையில் தலை வலிக்கிறது என்று தூண்டில்காரர்கள் வேறு படகுகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பெரியப்பாவின் தோள்பட்டையும் கயிறு இழுத்து இழுத்துக் கெட்டுப்போயிருந்தது. தெலுக் இந்தானிலிருந்து ஒரு சீனர் அதை லாரியில் கொண்டுவந்தார். இஞ்சின் பழுது பார்ப்பவரை எங்கள் ஊரில் பொமென் என்பார்கள். அவரையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். படகுக்குச் சக்கரம் இல்லையே என்பது ஜெட்டியில் கூடியிருந்தவர்களுக்குப் பெரிய பிரச்சனையாகப் போய்விட்டது. இஞ்சினின் விசிறிக்கு நேரே பழத்தைத் தண்ணீரில் போட்டு ஓட்டிப் பார்ப்பது என்று கடைசியில் முடிவானது. பழங்கள் ஒன்றும் ஆகாமல் அழகாக மிதந்து தெலுக் இந்தான் பக்கம் போய்விட்டன. பெரியம்மா கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் வந்து, இஞ்சினின் தலைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றிவிட்டுப் போனார். பெரியப்பா அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதற்கெல்லாம் முன்னால் பொமென் பெரியப்பாவை ஜெட்டியில் நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். இந்த இஞ்சினுக்கு எண்ணெய் அதன் வயிற்றில் தனியாக இருக்கிறது, பெட்ரோலில் கலக்கவே கூடாது, வெறும் பெட்ரோல் போதும். அந்த நேரத்தில் பெரியம்மா உள்ளே கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார். நான் எலுமிச்சம்பழம் வாங்க ஓடியிருந்தேன். ஆக, அந்தச் சேதி தெரிந்த ஒரே ஆள் பெரியப்பா. அந்த வீட்டில் அவர் யாரோடு பேசமாட்டாரோ அவருக்குத்தான் அது தெரிய வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் பெரியம்மா வழக்கம்போலப் பால் டின்னை எடுத்தார். அளந்து ஊற்றியபின் ஒரு கணம் யோசித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். "புதுசுல்ல, வறண்டு போவக் கூடாது," என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் பெரியப்பா ஆற்றிலிருந்து திரும்பியது யாருக்கும் தெரியவில்லை. புது இஞ்சினுக்கு அவ்வளவு நல்ல குணம். பெரியம்மா அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் அவர் நின்றார். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர் போலப் பெரியப்பா இரண்டு அடி பின்னால் போனார். பெரியம்மா எழுந்ததில் வெங்காயமெல்லாம் உருண்டது. அன்று குழம்பு ஆறியிருந்தது, பெரியப்பா அதை அப்படியே சாப்பிட்டார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து எனக்கு உத்தியோகம் கிடைத்தது. புது இஞ்சின் பழையதைவிட நல்ல கனம். பின்பக்கம் தாழ்ந்து, படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. முன்னால் பாரம் வேண்டும் என்று பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மூட்டை மணல் போட்டால் ஆகிற காரியம்தான், ஆனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. உயிர்காப்பு அங்கி ஒன்றை மாட்டி, நுனியில் உட்கார வைத்து, அவர் எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். "வளைவு வந்தோன்ன நல்லா சத்தம் போடு பாப்பா. வர்றோம்னு பெரியம்மாவுக்குத் தெரியணும்லா." நான் தொண்டை கிழியக் கத்துவேன். கரையில் கொக்குகள் பறக்கும். நாங்கள் படியேறும்போது சோறு மேசையில் மூடியிருக்கும், பெரியம்மா பின்கட்டில் இருப்பார். வீடு பழையபடி ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நான் திருப்திப்பட்டேன். பெரியப்பா சாப்பிடும்போது பின்கட்டுக் கதவையே பார்த்தது என் கண்ணில் பட்டது. குழம்பில் உப்பு இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

புகையை நான்தான் முதலில் கவனித்தேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அது தப்பு, பெரியப்பா முதல் நாளே பார்த்திருக்கிறார். நடு ஆற்றில் இஞ்சினை மெதுவாக விட்டு வலை போடும்போது பின்னால் மெல்லிய நீலப் புகை வந்தது. புது இஞ்சினுக்குப் புகையே வராது என்று பொமென் சொன்னாரே என்று கேட்டேன். பெரியப்பா டேங்கின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். நெடுநேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு, "வீட்டுக்குப் போயி பெரியம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும் பாப்பா," என்று ஆரம்பித்தார். நான் தூது போகத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னைவிட்டால் அவர்களுக்கு வேறு தபால் ஏது? அவர் தண்ணீரைப் பார்த்தார். "வேணாம், விடு," என்று முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா ஒரு புது வேலையைப் பிடித்துக்கொண்டார். பெரியம்மா உள்ளே படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து ஜெட்டிக்குப் போய், இஞ்சினின் மூடியைக் கழற்றி, அதற்குள்ளிருந்து பிளக்கைத் திருகி எடுப்பார். கறுத்துப் போயிருக்கும் அதன் நுனியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கி மறுபடி மாட்டுவார். எதற்கு என்று கேட்டால், "பல்லு விளக்கி விடுறேன்," என்பார். புது இஞ்சினுக்கு இதெல்லாம் உண்டு போலிருக்கிறது என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷைக் கழுவிக் கொடுப்பேன். சாயங்காலம் பெரியம்மா பால் டின்னோடு வருவார். பெரியப்பா ஜன்னல் வழியாகப் பார்ப்பார். எண்ணெய் நூலாக டேங்குக்குள் இறங்கும், பெரியம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். டேங்க் படியோரத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பெரியப்பா ஜன்னலை விட்டு நகர்வார். அவ்வளவு ஆசையாக வாங்கிய இஞ்சினை அவர் ஒவ்வொரு நாளும் தெரிந்தே கெடுத்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நாளைக்குத்தான் பல் விளக்கி ஓட்ட முடியும்? ஒரு சனிக்கிழமை, ஈப்போவிலிருந்து வந்த தூண்டில்காரர்களோடு போனபோது நடு ஆற்றில் இஞ்சின் இருமியது. பழையதைப் போலவே இருமியது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். அப்புறம் நின்றுவிட்டது. என்ன செய்தும் அசையவில்லை. நீரோட்டம் எங்களைத் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போக, பெரியப்பா துடுப்பால் கரையோரம் ஒதுக்கினார். கடைசியில் ஒரு மலாய்க்காரரின் படகு எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்தப் படகின் பின்னால் தொங்கியது நல்ல கிழட்டு டூ ஸ்ட்ரோக். தூண்டில்காரர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்கள். இனி வருவார்களா என்று தெரியவில்லை. பெரியப்பா பொமெனுக்கு போன் போட்டார்.

பொமென் வந்து பிளக்கைக் கழற்றினார். அதைப் பார்த்தார், டேங்கை முகர்ந்தார், பெரியப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, இதுல டூ டி எண்ணெய் வாடை வருது. யாரு கலந்தது?"

பெரியப்பா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "நான்தான். பழக்கத்துல கை போயிருச்சு."

பொமென் பிடித்துக்கொண்டார். இதே இடத்தில் நிறுத்தி வைத்து எத்தனை தடவை சொன்னேன், கலக்காதே, கலக்காதே என்று சொன்னேனா இல்லையா, இத்தனை வருடமாகப் படகு ஓட்டுகிற ஆள் இப்படிச் செய்யலாமா என்று பொரிந்து தள்ளினார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார். பொமெனுக்குக் கோப்பி கொண்டுவந்த பெரியம்மா படியின் நடுவில் தட்டோடு நின்றுவிட்டார். எனக்கோ பொறுக்கவில்லை. பெரியம்மா செய்த வேலைக்கு அவர் எப்படிப் பெயர் வாங்கிக்கொள்ளலாம்?

"பெரியப்பா இல்ல. பெரியம்மாதான் தெனமும் கலந்து வைப்பாங்க. பெரியப்பா பிளக்குக்குப் பல்லு மட்டும்தான் விளக்குவாரு," என்று உள்ளதைச் சொன்னேன்.

பெரியம்மா மீதிப் படிகளில் இறங்கி வந்து தட்டைப் பலகையின் மேல் வைத்தார். கோப்பி கொஞ்சம் சிந்தியிருந்தது. அவர் பொமெனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"எண்ணெய் வேணாம்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பொமென், "அதான் அக்கா, அன்னைக்கே நான்…" என்று தொடங்கி, நிலைமை புரிந்து பிளக்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"தெரியும்," என்றார் பெரியப்பா.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

பெரியப்பா கையில் இருந்த அழுக்குத் துணியைச் சுருட்டினார், பிரித்தார்.

"சொன்னா நிறுத்திருவே," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிறுத்தத்தானே பெரியப்பா சொல்லணும்?" என்று கேட்டேன். பொமென்கூடச் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, லாரியில் ஏதோ எடுக்க வேண்டும் என்று போய்விட்டார். லாரி பக்கத்தில் போய் வெறுமனே நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பெரியம்மா ஜெட்டிப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே, "எங்கப்பா செத்த அன்னைக்கும் நேரந் தெரியலன்னதோட சரி, நீங்க வாயத் தொறக்கல," என்றார். பெரியப்பா அவருக்குப் பக்கத்தில், ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். "என்னா சொல்றதுன்னு தெரியல. வாரேன்னு சொன்ன நேரத்துக்கு வந்திருக்கணும். வரல. என் தப்புதான்," என்றார். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்வதற்கு அவர் பல தடவை மூச்சு வாங்கினார். பெரியம்மா எழுந்து போகவில்லை. கோப்பி ஆறிக்கொண்டிருந்ததால் நான் அதைக் குடித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பெரியம்மாவின் கைப்பேசியில் அம்மாவோடு பேசினேன். சேதி சொல்ல எனக்கு அவ்வளவு இருந்தது. போர் ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் எங்கே இருக்கிறது, பெட்ரோலில் கலந்தால் என்ன ஆகும், பிளக் எப்படிக் கறுத்துப் போனது, நடு ஆற்றில் எப்படி நின்றோம், கயிறு கட்டி எப்படி இழுத்து வந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கலக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத பெரியப்பாவையும், அதற்குப் போய் அழுத பெரியம்மாவையும் பற்றிக் கடைசியில் ஒரு குறையாகத்தான் சொன்னேன். பெரியவர்களுக்கு இஞ்சின் விஷயத்தில் அறிவு போதாது என்பது என் முடிவு.

லைன் போய்விட்டதோ என்று கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு அம்மாவின் குரல், சளி பிடித்தவர் குரலாக, வந்தது.

"பெரியம்மா பேசினாங்களா? பெரியப்பாவப் பாத்தா பேசினாங்க? என்னா கேட்டாங்க? மறுபடி சொல்லு பாப்பா."

இவ்வளவு சொல்லியும் அம்மாவுக்கு விளங்கவில்லையே என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. ஆனாலும் உடம்புக்கு முடியாதவர் ஆயிற்றே என்று பொறுமையாக, மறுபடியும் பிளக்கிலிருந்தே ஆரம்பித்தேன்.